சாலைச் சோறும் சமுதாயக் கல்லூரியும்

கி.பி. 866-ஆம் ஆண்டில், ஆய் குலத்து அரசனாகிய கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து ஓரிடத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்கு ஓர் ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, ஆலயத்தோடு சேர்ந்தாற்போலவே 95 மாணாக்கர் தங்கிக் கற்பதற்கு ஒரு சாலையையும் ஏற்படுத்தினான் என்ற செய்தி, பிற்காலத்தில் திருவனந்தபுரத்து ஹுசூர் கச்சேரியிலிருந்து வெளிப்பட்ட செப்பேடுகளில் விரிவாகக் காணப்படுகின்றது. அம்மாணாக்கரைச் சாசனம் சட்டர் என்று குறிக்கின்றது. இன்ன வேதசாகையாருக்கு இத்தனை இடம் என்று 45, 36, 14 ஆகப் பகுத்துவைத்ததோடு நில்லாமல், அவர்களுடைய போஜனத்துக்கு எந்த நிலத்து விளைவு, ஒருவரை ஒருவர் வைதால் என்ன அபராதம், ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரலாமா, மடத்துக்குள் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாமா என்பன வரையில் அச்சாசனம் விதித்துவிடுகிறது. ஆயுதமும் கூடாது, பணிப்பெண்ணும் கூடாது என்று எழுதவேண்டி வந்ததிலிருந்தே, இளைஞர் எக்காலத்தும் இளைஞர்தாம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பார்த்திவசேகரபுரத்துச் சாலைக்கு முன்மாதிரியாகச் செப்பேடு காட்டுவது காந்தளூர்ச் சாலையை. இராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயரளவில் பரிச்சயமான அந்தச் சாலை, திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்ததென்று கருதுவோர் பலர். அது கல்விச்சாலையா, படைக்கலப் பயிற்சிச்சாலையா, இரண்டுமா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றளவும் வாதிட்டுவருகிறார்கள். இந்தச் சாலைகளைப் பேணிய ஆய் அரசர்களுக்குக் கடல்வாயிலாக விளங்கிய பட்டினம் விழிஞம். கடலையே அகழியாகக் கொண்டது என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை வருணிக்கின்றது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து, விழிஞ்ஞம் என்று இன்று நாம் எழுதும் ஊர் அதுவே. பாறையைக் குடைந்து செய்த சிறியதொரு குகைக்கோயில் அந்தப் பழம்பெருமைக்குச் சாட்சியாக அங்கே நிற்கிறது.

இவ்வூரில் இன்று நடைபெறும் தொழிற்கல்வி முயற்சியைப் பற்றி எழுதப் புகுந்த நான், ஆயிரத்து நூற்றறுபது வருஷத்துக்கு முந்திய செப்பேட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் பழம்பெருமை பேசும் ஆசை அன்று. ஒரு கல்விச்சாலையை ஏற்படுத்துவோர், பாடத்தை மட்டும் ஏற்படுத்தினால் போதாது, மாணாக்கனுடைய சோற்றையும் இருப்பிடத்தையும் ஒழுக்கத்தையும் சச்சரவையும் அதே சாசனத்தில் எழுதவேண்டும் என்ற தெளிவு அந்த அரசனுக்கு இருந்தது. ஆனால் அச்சாலையின் வாசல் மிகக் குறுகியது. வேதசாகைகளுக்குள் அடங்கியவர்க்கே அங்கே இடம். செப்பேடு எழுதிய காலத்தில் விழிஞத்துக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனுடைய மகனுக்கு அந்த 95-இல் ஒரு பங்கும் இல்லை. இக்காலத்தில் வாசல் அகன்றுவிட்டது, யாரும் நுழையலாம். நுழைந்தவனுடைய சோற்றையும் பஸ் கட்டணத்தையும் மனச்சோர்வையும் பற்றிய வாசகந்தான் சாசனத்தில் மெலிந்துபோயிற்று.

வாசலை அகலமாக்கும் நோக்கத்தோடு பிறந்ததுதான் சமுதாயக் கல்லூரி என்னும் ஸ்தாபனம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை அடுத்த ஜோலியட் என்ற ஊரில், 1901-ஆம் ஆண்டில், உயர்நிலைப் பள்ளியை முடித்து, வீட்டைவிட்டு வெகுதூரம் போய்ப் படிக்க வசதியில்லாத ஆறு மாணவர்களைக் கொண்டு ஒரு சிறிய கல்லூரி தொடங்கப்பட்டது. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருகவேண்டும் என்று 1947-இல் பரிந்துரைத்தபின், அவை அந்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவின. ஊரிலேயே இருந்து படிக்கலாம், சம்பளம் குறைவு, வேலை பார்த்துக்கொண்டே வரலாம், வயது வரம்பு இல்லை, அவ்வூர்த் தொழிலுக்கு வேண்டியதைக் கற்கலாம் என்பன அதன் லக்ஷணங்கள்.

இந்தியாவில் இக்கருத்து முதலில் வேரூன்றியது தமிழ் மண்ணிலேதான் என்பது நம்மிற் பலர் அறியாத விஷயம். 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. மறு ஆண்டே சென்னை மயிலைப் பேராயத்தின் ஆதரவில் சென்னைச் சமுதாயக் கல்லூரி தோன்றியது. இந்த இயக்கத்தை நாடு முழுதும் கொண்டுசென்றவர் இயேசு சபைத் துறவியாகிய சேவியர் அல்போன்ஸ் அவர்கள். சமுதாயக் கல்விக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையத்தை அவர் 1999-இல் சென்னையில் நிறுவினார். பள்ளியில் தேறாதவர், இடையில் நின்றவர், குடிசைப் பகுதிப் பெண்கள் ஆகியோரை மனத்திற் கொண்டு அவர்கள் வகுத்த ஒருவருஷப் பாடத்திட்டத்தில், தொழிற்பயிற்சிக்கு முன்னே வாழ்க்கைத் திறன் என்று ஒரு பகுதியை வைத்தார்கள். பிறர் முன்னே அச்சமின்றிப் பேசுவது, தன்னைத் தானே மதிப்பது, கோபத்தை அடக்குவது, விண்ணப்பம் எழுதுவது முதலானவை அதில் அடங்கும். இவையெல்லாம் பாடமா என்று அக்காலத்தில் நகைத்தவர்கள் உண்டு. தோல்வி என்ற சொல்லை ஊர் முழுதும் காதில் ஓதக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளைக்கு வெல்டிங்கைக் காட்டிலும் முதலில் வேண்டுவது நிமிர்ந்து நிற்கும் தைரியம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னர் 2009-இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2013-ஐ ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழுவும் இத்திட்டத்தைத் தத்தம் வழியில் மேற்கொண்டன. மானியக் குழுவின் ஏற்பாட்டில் ஒரு வருஷப் பட்டயத்துக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில்திறனுக்கும் 24 பொதுக்கல்விக்கும் உரியவை.

கேரளம் இதே நோக்கத்துக்கு வேறொரு பாதையை வகுத்துக்கொண்டது. 2012-இல் அங்கே தொடங்கப்பட்ட கூடுதல் திறன் பயிற்சித் திட்டத்தை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து எல்லோரும் அசாப் என்றே அழைக்கிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருப்பவர்க்குக் கைத்தொழில் ஒன்றையும் சேர்த்துக் கற்பிப்பது அதன் ஆரம்ப நோக்கம். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவி கிடைத்தபின், பல மாவட்டங்களிலும் சமூகத் திறன் பூங்கா என்ற பயிற்சி வளாகங்கள் எழுந்தன. அவ்வளாகங்களில் ஒன்று விழிஞ்ஞத்துக்கு வாய்த்தது. ஊரார் அதனைக் கம்யூனிட்டி ஸ்கில் பார்க் என்றும், சுருக்கமாக ஸ்கில் பார்க் என்றும் சொல்வார்கள். துறைமுகத்தை நடத்தும் அதானி குழுமத்தின் திறன் பயிற்சிப் பிரிவோடு இணைந்து, துறைமுகத்தைச் சார்ந்த தொழில்களைக் கற்பிப்பது அதன் விசேஷம்.

அத்தொழில்கள் இன்னவை என்று விளங்கவேண்டுமானால் துறைமுகத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தூரத்தில், கரையை ஒட்டியே 18 மீட்டருக்குமேல் இயற்கை ஆழம் அமைந்திருப்பதால், ஒரு பெருங்கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்கி மற்றொரு கப்பலுக்கு மாற்றிவிடும் தொழிலுக்கு விழிஞ்ஞம் மிகப் பொருத்தமான இடம். 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கி, 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்னும் கப்பல் பரீட்சார்த்தமாக வந்து, அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் தேதி வர்த்தகம் ஆரம்பமாகி, 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கப்பலுக்கும் கரைக்கும் இடையே பெட்டிகளைத் தூக்கும் கிரேன்கள் 8. முற்றத்தில் அடுக்கும் கிரேன்கள் 24. முற்றத்துக் கிரேன்கள் பெரும்பாலும் தாமே இயங்குபவை. அவற்றை நடத்துகிறவர் உச்சியில் ஏறி உட்காருவதில்லை. தூரத்திலுள்ள அறையில் திரைகளின் முன்னே அமர்ந்து, இயந்திரம் தடுமாறும் இடத்தில் மட்டும் கைப்பிடியால் திருத்துகிறார். மற்றொரு புறம், கப்பல் தளத்தில் கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளாலும் திருகுப் பூட்டுகளாலும் பிணைப்பதும் அவிழ்ப்பதுமாகிய லாஷிங் என்னும் வேலை முழுக்க முழுக்க மனிதக் கைகளையே நம்பியிருக்கிறது. முற்றத்துக்குள் பெட்டிகளைச் சுமந்து திரியும் டிரெய்லர் வண்டிகளுக்கும் ஓட்டுநர்கள் வேண்டும். அலையோடு பழகியவனுக்கு ஆடுகின்ற கப்பல் தளம் புதிதன்று. ஆகவே லாஷிங் வேலைக்கு மீனவ இளைஞர் இயல்பாகவே ஏற்றவர்கள் என்று கொள்வதில் நியாயம் உண்டு. அவர்களை அதிலேயே நிறுத்திவிடக் கூடாது என்பது வேறு விஷயம்.

இனி மாணாக்கருடைய வாழ்க்கைக்கு வருவோம். கேரளத்தில் கல்லூரி என்றால் அது வெறும் வகுப்பறை அன்று. யூனியன் தேர்தலும், சுவர் முழுதும் எழுத்தும், கலோத்சவமும், ஓணத்துக்கு முன்னே பூக்களம் இட்டுக் கசவுப் புடவையும் வேட்டியுமாகத் திரண்டு நிற்கும் கோலாகலமும் சேர்ந்ததே அங்கே கல்லூரி. மூன்று வருஷம் இந்தச் சூழலில் ஊறியவன், பட்டத்தின் பயன் எதுவாயினும், கூட்டத்தில் எழுந்து பேசவும் எதிர்த்துக் கேட்கவும் கற்றுவிடுகிறான். சில மாதங்களில் முடிந்துபோகும் திறன் பயிற்சியில் இதற்கு அவகாசம் இல்லை. பக்கத்தில் இருப்பவன் பெயர் மனத்திற் பதிவதற்குள் சான்றிதழ் வந்துவிடும். குறுகிய பாடம் சிக்கனமானது, வேலை சீக்கிரம் கிடைக்கிறது என்று அதிகாரிகள் மகிழ்வார்கள். எனக்கோ, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தொழிலும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொழிலோடு சிநேகமும் சங்கமும் மேடையும் என்று பங்கிடுவது சரியாகத் தோன்றவில்லை. மானியக் குழு பொதுக்கல்விக்கென்று ஒதுக்கிய அந்த 24 கிரெடிட்டை அலங்காரம் என்று கருதாமல் அப்படியே காப்பாற்றவேண்டும் என்பது என் எண்ணம்.

விழிஞ்ஞத்துப் பிள்ளைக்கு வரும் இடையூறுகளில் முதலாவது, பிற ஊரார் எளிதில் ஊகிக்க முடியாதது. கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூன் மாதம். விழிஞ்ஞத்தில் மீன்பிடிப்பு உச்சத்துக்கு வருவதும் அதே மாதந்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் மற்றக் கரைகளில் வள்ளம் இறக்க முடியாமல் அலை உயரும்போது, இங்கே துறை ஒதுக்கமாக அமைந்திருப்பதால், தெற்கிலும் வடக்கிலும் உள்ள எத்தனையோ ஊர்களிலிருந்து வள்ளங்களும் ஆட்களும் வந்து குவிகிறார்கள். விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை இருப்பதால், தடைக்கு உட்படாத வள்ளக்காரருக்கு அது வருமானக் காலம். வாளையும் நெத்தோலியும் கணவாயும் இறங்கும் அந்த நாட்களில் வீட்டில் ஒருவர்கூடச் சும்மா இருப்பதில்லை. பையன் வள்ளத்திலோ ஐஸ் வண்டியிலோ இருப்பான், பெண் தாயோடு மீனைத் தரம் பிரிப்பாள், அல்லது தாய் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டபின் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். வகுப்புத் தொடங்கிய முதல் மாதத்திலேயே வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடுகள் விழுவதற்கு இதுவே காரணமாகலாம். அதனைச் சோம்பல் என்று எழுதும் ஆசிரியர், அவ்வூரில் ஒரு முறையாவது ஜூலை மாதத்து அதிகாலையில் துறைக்குப் போய் நின்று பார்த்திருக்கமாட்டார்.

அடுத்தது இருப்பிடம். கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்டுக் கிடங்கில் பல ஆண்டுகள் குடியிருந்தன என்பது கேரளம் அறிந்த செய்தி. சேலையையும் பலகையையும் மறைப்பாகக் கட்டிய இடத்தில், பத்துக் குடும்பத்துப் பேச்சுக்கு நடுவில், பாடம் படிப்பது எப்படி? அத்தகையவர்க்கு மாலை ஏழு எட்டு மணி வரை விளக்கெரியும் ஒரு வாசக அறையைத் திறந்துவைப்பது எந்த உபகாரச் சம்பளத்துக்கும் குறைந்த உதவி அன்று. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். பதிவு பெற்ற மீனவரின் பிள்ளைகளுக்கு மீன்வளத் துறை கல்விச் சலுகைகள் அளித்துவருகிறது. மருத்துவம், சிவில் சர்வீஸ் முதலிய நுழைவுத் தேர்வுகளுக்கு வித்யாதீரம் என்ற பெயரில் பயிற்சிக்குச் செலவிடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் இந்தக் கரையைச் சூறையாடியபோது, இறந்தவர்களுடைய பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்றது. இவற்றையெல்லாம் பெறுவதற்கு எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பதை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு பெண்ணுக்கு எடுத்துச் சொல்லி, கூடவே ஒரு நாள் போய்வரும் ஆள் ஒருவர் கல்லூரியில் இருக்கிறாரா என்பதில்தான் திட்டத்தின் உயிர் தங்கியிருக்கிறது.

பாஷையும் ஓர் இடையூறு. விழிஞ்ஞத்துக் கரையில் பேசப்படுவது மலையாளமே ஆயினும், அதில் குமரிக் கரைத் தமிழ் உப்பைப்போல் கரைந்திருக்கும். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள விளவங்கோடும் கல்குளமும் 1956 நவம்பர் வரையில் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்தவை. எல்லைக் கோடு போட்டபின்னும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், வள்ளத்துக்கு ஆள் சேர்ப்பதும் நிற்கவில்லை. இத்தகைய வீட்டிலிருந்து வருபவன் புத்தக மலையாளத்திலேயே திக்கித் தடுமாறும்போது, துறைமுகத்து வயர்லெஸ்ஸிலும் எச்சரிக்கைப் பலகைகளிலும் வரும் ஆங்கிலம் அவனுக்கு இரண்டாம் மலை. அந்த ஆங்கிலம் அதிகமில்லை; சில நூறு சொற்களும், சுருக்கமான கட்டளைகளும், எண்களுந்தான். இலக்கணத்திலிருந்து தொடங்கினால் பையன் ஓடிவிடுவான். தூக்கு, நிறுத்து, மெல்ல, அபாயம் என்ற வேலைச் சொற்களிலிருந்து தொடங்கினால் ஒரே மாதத்தில் தேறிவிடுவான் என்பதைத் தொழில் கற்பிப்போர் அறிவார்கள்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். முற்றத்துக் கிரேன்களை இயக்கும் பொறுப்பில் இவ்வட்டாரத்துப் பெண்கள், மீனவ வீட்டுப் பெண்கள் உட்பட, அமர்த்தப்பட்ட செய்தி 2025-இல் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. தானியங்கிக் கிரேன் இயக்கும் பணியில் இந்தியாவில் பெண்கள் சேர்ந்தது அதுவே முதல் தடவை என்றும் எழுதினார்கள். உடல் வலிமையைக் கேட்காமல் கவனத்தையும் பொறுமையையும் கேட்கும் வேலை அது. படம் பிடித்துப் போட்டவர்கள் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. துறைமுகம் இரவிலும் உறங்குவதில்லை. ஷிப்டு மாறும் நேரம் பஸ் ஓடும் நேரத்தோடு பொருந்துவதில்லை. பயிற்சிக் காலத்திலேயே மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்ப ஒரு வண்டி, வீட்டாருக்கு நிலையத்தை ஒரு நாள் நேரில் காட்டும் வழக்கம், குழந்தையுள்ளவளுக்கு அதனை விட்டுவர ஓர் இடம் என்ற மூன்றும் இல்லாவிட்டால், சேர்க்கைப் பட்டியலில் காணும் பெண்களிற் பலரைச் சான்றிதழ்ப் பட்டியலில் காணமாட்டோம்.

கேரள உயர்கல்வித் துறை இவ்விஷயத்தில் அனுபவமற்றது அன்று. அசாப் பிறந்த காலத்தை ஒட்டியே, அரசுக் கல்லூரிகளில் திறமையுள்ள மாணவருக்கு ஒரு வழிகாட்டியை இணைத்துவிடும் திட்டமும், பின்தங்கியவருக்கு வகுப்புக்கு அப்பால் பாடம் சொல்லிக்கொடுக்கும் திட்டமும் தொடங்கப்பட்டன; பின்னர் மனநல ஆலோசனைக்காக ஜீவனி என்ற ஏற்பாடும் வந்தது. இவை கலை, விஞ்ஞானக் கல்லூரிகளை மனத்திற் கொண்டு எழுந்தவை. வழிகாட்டி மிகவும் தேவைப்படுபவன் திறன் பயிற்சி நிலையத்து மாணவன். அவனுக்குக் கிடைப்பதோ வேலைவாய்ப்பு அதிகாரி ஒருவர் மட்டுமே என்பது பொதுவான நிலை.

இத்தகைய உதவிக்குச் செலவிடுவது வீண்செலவு என்று நினைப்போர், நியூயார்க் நகரத்தில் நடந்த ஒரு பரீக்ஷையைக் கவனிக்கவேண்டும். அந்நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், அதன் பெயரும் அசாப் என்றே சுருங்கும். கேரளத்து அசாப்புக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. முழுநேரமும் படிக்க ஒப்புக்கொள்ளும் ஏழை மாணவருக்கு, உதவித்தொகை போக மீந்த சம்பளத்தைத் தள்ளிவிட்டு, பாடப்புத்தகமும் மாதாந்தரப் போக்குவரத்து அட்டையும் இலவசமாகக் கொடுத்து, குறைந்த எண்ணிக்கையான மாணவரை மட்டுமே கவனிக்கும் ஆலோசகர் ஒருவரையும் நியமித்தார்கள். ஆலோசகரை அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டும். சேர விரும்பியவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் இந்த வசதிகளை அளித்து, மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 40 பேர் பட்டயம் பெற்றிருந்தார்கள். பெறாதவர்களில் 22 பேரே. 2015-இல் இம்முடிவு வெளியாயிற்று. தலைக்கு ஆகும் செலவு கூடியது உண்மைதான். ஆனால் தேறியவர் தொகை அதைக் காட்டிலும் கூடியதால், ஒரு பட்டயத்துக்கு ஆகும் செலவு குறைந்துவிட்டது. பாடத்திட்டத்தை அவர்கள் மாற்றவில்லை, ஆசிரியரையும் மாற்றவில்லை. சம்பளத்தையும் புத்தகச் செலவையும் ஏற்றதோடு, வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒருவரையும், வந்துசேர ஒரு சீட்டையும் கொடுத்தார்கள். விழிஞ்ஞத்துக்கு இதை அப்படியே பெயர்த்து நடமுடியாது என்றாலும், பஸ் பாஸும் விசாரிப்பும் கல்வியின் புறப்பொருள் அல்ல என்ற அளவில் அது நமக்குப் போதிய சான்று.

விசாரிப்பவர் யார் என்பதும் விழிஞ்ஞத்தில் ஒரு நுட்பமான கேள்வி. 2022 ஆகஸ்டு 16 முதல் டிசம்பர் முதல் வாரம் வரையில், லத்தீன் பேராயத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வேலைக்கு எதிராகப் போராடினார்கள். கரை தேய்கிறது, வீடு போகிறது, தொழில் போகிறது என்பது அவர்கள் முறையீடு. அந்தப் போராட்டத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்த தாயின் மகனே துறைமுகத்துத் தொழிலைக் கற்க வருகிறான். பெற்றோரின் கோபத்துக்கும் தன் வயிற்றுப்பாட்டுக்கும் நடுவே அவன் நிற்கும் நிலையைப் புரிந்துகொள்ளாமல், நன்றியறிதலை எதிர்பார்க்கும் நிர்வாகம் அவனை வெகுவிரைவில் இழந்துவிடும். ஆலோசகர் துறைமுகத்தின் சம்பளத்தில் இல்லாதவராக, பங்குக் கோயிலிலும் பள்ளிவாசல் ஜமாஅத்திலும் சென்று உட்காரக்கூடியவராக இருந்தால் அவர் சொல் எடுபடும். விழிஞ்ஞத்தில் கோயிலும் பள்ளிவாசலும் துறையின் இரு புறத்தும் நிற்பவை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சில் அவ்விரண்டும் ஒரே குரலாகப் பேசுவதற்கு இது ஒரு நல்ல சந்தர்ப்பமும் ஆகும்.

நான் சொல்ல விரும்பும் மாறுதல்களில் காசு செலவில்லாதது ஒன்று உண்டு. அது நாட்காட்டியைத் திருத்துவது. மழைக்கால மீன்பிடிப்பு ஓய்ந்து, ஓணமும் கழிந்து, கையில் நாலு காசு மிஞ்சியிருக்கும் கன்னி மாதத்தில், அதாவது நம் புரட்டாசியில், வகுப்புகளைத் தொடங்கி, மறு ஆண்டு மே மாதத்துக்குள் வகுப்பறைப் பாடத்தை முடித்துவிடலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரையில் பையன் வள்ளத்து எஞ்சினைப் பழுது பார்ப்பதையும், பெண் ஏலக் கணக்கையும் ஐஸ் கணக்கையும் வைப்பதையும் வராத நாட்களாகக் குறிக்காமல், பயிற்சியாகவே மதிப்பிட்டு அளந்து கிரெடிட் கொடுக்கலாம். கல்லூரிக்கு வெளியே கற்றதை ஏற்றுச் சான்று தரும் முறை 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. புதிய சட்டம் எதுவும் இயற்றவேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவில் தொழிலதிபர்கள் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. வள்ளக்காரர் ஒருவரும், ஏலம் கூறுபவர் ஒருவரும், கூடை சுமந்து சந்தைக்குப் போகும் மீன்காரி ஒருத்தியும் தொழிலை அறிந்தவர்கள் அல்லர் என்று யார் சொல்லமுடியும்? அந்த மூவரையும் அழைத்து மேஜையில் உட்காரவைத்துவிட்டால், எந்த மாதத்தில் எதைக் கற்பிக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.